பாதி குறை, அண்ணே

பாப்பா,

இன்று மாலை திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டி சரக்கு வண்டியை நிறுத்தினேன். அவித்த வேர்க்கடலை, நம்ம மல்லாட்டை, வாசனை வந்தது. கூடைக்கார அம்மா கூப்பிடுவதற்கு முன்பே வாங்கிச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டேன். சூடு நெஞ்சில் பட்டது. கூடவே பயமும் வந்துவிட்டது. மல்லாட்டைக்குப் பயப்படுகிற ஆம்பிளை இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தன்தான். இதிலும் உன் அண்ணனுக்குத்தான் முதலிடம்.

விழுப்புரம் கல்லூரியில் தமிழ் படித்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் எழுதுவது பத்தாது என்று, உன் பெண்கள் நித்யாவையும் அம்முவையும் மாலையானால் சமையலறைத் தரையில் உட்கார வைத்து எழுதச் சொல்வாய். அன்று கண்ணால் பார்த்தது எதையாவது எழுத வேண்டும். எழுதியதை, அந்த இடத்தில் இல்லாத ஒருவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். கேட்பவருக்குப் புரிந்துவிட்டால் வாக்கியத்துக்கு ஒரு மல்லாட்டை. அவர் குறுக்கே கேள்வி கேட்டால் மல்லாட்டை கிடையாது. பதிலையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். எழுவாய், பயனிலை, வேற்றுமை எல்லாம் அதற்கப்புறம்தான், நீ தோசையைத் திருப்பிக்கொண்டே சொல்லித்தருவாய்.

அந்தக் கேட்கிற ஆள் நான்தான். ஊரில் எத்தனையோ படித்தவர்கள் இருக்க என்னைத்தான் உட்கார வைத்தாய். "எங்க அண்ணனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்பாய். அதை நான் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். மூட்டை ஏற்றும் இடத்தில், "நம்ம வீட்ல பரீட்சை அதிகாரியே நான்தான்" என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றது படிப்பு வராமல் அல்ல, பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டால் நீ கரண்டியை ஆட்டிச் சிரிப்பாய். "சொன்னதுல பாதி குறை, அண்ணே."

நீ காய்ச்சலில் போன பிறகு பெண்கள் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். நான்தான் அவர்களை எழுத வைக்கிறேன். முதல் நாளே நித்யா, "ஆறாம் வேற்றுமைன்னா இன்னா மாமா?" என்று கேட்டாள். "அது பெரிய விஷயம்மா. சாப்டுட்டுப் பேசலாம்" என்றேன். சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கெட்டுப்போகாத ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்கவும் வாய் வரவில்லை. எதையாவது கேட்டு, அது உன்னிடம் போய் முடிந்தால் அந்தப் பெண்களை நான் எப்படித் தேற்றுவேன்? அதனால் எல்லா வாக்கியத்துக்கும் மல்லாட்டை கொடுத்தேன். சின்னவள் அம்முதான் கண்டுபிடித்தாள். "அக்கா, மாமா பூம்பூம் மாடு மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டறாரு!"

இதற்கிடையில் உன் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து போன் செய்தார். "மச்சான், புள்ளைங்க படிப்பு பேஜாராயிடும். விழுப்புரத்துல ஹாஸ்டல் பாத்து வச்சிருக்கேன். லீவுல வந்து சேத்துடறேன்" என்றார்.

பெண்கள் என்னை விட்டுப் போய்விடுவார்களே என்று பயந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும் என்பது உனக்குத் தெரியும். "இன்னா மாப்ள இப்டி சொல்லிட்டீங்க! தெனமும் நான் இலக்கணம் நடத்திக்கினு இருக்கேன். தெருவுல இருக்கற வாத்தியாருங்களே ஜன்னலாண்ட நின்னு கேட்டுட்டுப் போறாங்க!"

"அப்படியா? அப்ப வந்து நானும் கேக்கறேன். ஒரு கட்டுரை எழுதிப் படிக்கட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்."

தப்பாத கட்டுரையாக ஒன்று வேண்டுமே என்று நம்ம பக்கத்து மண்டகப்பட்டுப் பல்லவர் குகைக்கோயிலைப் பிடித்தேன். ஆயிரம் யானைகள் வந்து பாறையை முட்டிக் குடைந்தன என்று நானே வாயால் சொல்லி, நித்யாவை எழுத வைத்து, மனப்பாடமும் செய்ய வைத்தேன். அவளும் மறுக்காமல் ஒப்பித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். இளைத்திருந்தார். நாற்காலி போட்டேன். நீ பெண்களை உட்கார வைக்கிற மாதிரியே தரையில் உட்கார்ந்துகொண்டார். நித்யா தாளோடு வந்து நின்றாள். நான் மனதுக்குள் யானைகளை வரிசையாக நிறுத்தினேன்.

அவள் படித்தாள். "அம்மாவும் நானும் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். அம்மாவுக்குக் காய்ச்சல். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் அம்மா சிரித்தார்."

அதோடு நிறுத்திவிட்டாள்.

"குகை எங்கம்மா?" என்றேன்.

"அது நீங்க சொன்னது மாமா. நான் பாத்தது இல்ல."

நீ போன அன்றைக்கு மாப்பிள்ளை கடல் தாண்டி இருந்தார். நான் மயிலம் பக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேருமே அந்த இடத்தில் இல்லாதவர்கள். நீ வைத்த முறைப்படி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டேன். போச்சு, நாளைக்கே ஹாஸ்டல் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளைதான் கேட்டார். "அம்மா எதுக்கும்மா சிரிச்சா?"

"அத எழுதலப்பா."

"எனக்குப் புரியலையே. சொல்லு."

நித்யா என்னைப் பார்த்தாள். "மாமா போன் பண்ணாரு. விழுப்புரத்துக்கே சொல்லி வச்சிட்டேன், டாக்டருங்கல்லாம் வாசல்ல வரிசையா நின்னுக்கினு இருப்பாங்க, ஜல்தி போங்கன்னாரு. அங்க போய்ப் பாத்தா ஒரு நாய்தான் படுத்துக்கினு இருந்துச்சு. அம்மா அதப் பாத்து, 'மாமா சொன்னதுல பாதி இல்ல, முழுசா குறைக்கணும்'னு சொல்லிச் சிரிச்சாங்க. உள்ள போற வரைக்கும் சிரிச்சாங்க."

அன்று பயத்தில் போனில் என்ன உளறினேன் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது, பாப்பா. சட்டைப் பையில் கையை விட்டு மல்லாட்டையைத் தேடினேன். அள்ளும்போதே எல்லாம் தரையில் சிதறின. அம்மு ஒன்றைப் பொறுக்கி அப்பா கையில் வைத்தாள். "கேக்கறவங்களுக்கு மல்லாட்டை கெடையாதுப்பா. ஆனா நீ புதுசு, எடுத்துக்கோ." அவர் அதை உரிக்கவில்லை. பொத்தி வைத்துக்கொண்டார்.

"அந்த நாயையும் சேத்து எழுதிட்டு வாம்மா" என்றார். நித்யா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்.

பிறகு என்னிடம் கேட்டார். "தெனமும் நீங்கதான் கேக்கறீங்களா மச்சான்?"

வாத்தியார்களும் ஜன்னலும் தொண்டை வரைக்கும் வந்தன. "ஆமா மாப்ள" என்று மட்டும் சொன்னேன்.

"அம்மு சொல்லிட்டா, சும்மா தலையாட்டாதீங்க. கேளுங்க. ஹாஸ்டல் இந்த வருசம் வேணாம். அடுத்த லீவுல வந்து மறுபடியும் உக்காருவேன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இதோ, தாளோடு பெண்கள் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் எனக்காகக் காத்திருக்கிறார்கள். இன்றைக்கு என்ன எழுதியிருப்பார்களோ தெரியவில்லை. ஆறாம் வேற்றுமை இன்னும் எனக்கு வரவில்லை. ஆனாலும் போய் உட்காரப் போகிறேன். புரியாததைக் கேட்கப் போகிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது, பாப்பா. நீ சொல்வாயே என்று பாதியைக் குறைத்துப் பார்த்தேன். குறையவில்லை. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

உன் அண்ணன்