மூன்று பாதிச் சுருட்டு

12.2.84, ஞாயிறு

இன்றும் இவர் கேட்டார்: "இஞ்சாரும், நான் பாதியிலை அணைச்சு வைச்ச சுருட்டைக் கண்டனீரோ?"

எலி கொண்டுபோயிருக்கும் என்றேன்.

"உந்த எலி நெருப்புப் பெட்டியையுமெல்லோ கொண்டுபோகுது" என்று சொல்லிவிட்டுப் புகையிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

எலிக்கு வயது ஐம்பத்திரண்டு. உரும்பிராயில் அதற்குப் பெயர் சிவக்கொழுந்து ரீச்சர். போன வருடம்வரை பள்ளிக்கூடத்தில் தையலும் சுகாதாரமும் படிப்பித்தது. பல்லுக்குத்துக்கு மருந்து என்றுதான் சுருட்டைத் தொட்டது. அந்தப் பல்லைப் பிடுங்கியே பதினைந்து வருடம். அடுப்படியில் எப்படியும் புகைதானே, ஆருக்குத் தெரியப்போகிறது?

20.2.84, திங்கள்

இருமல். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். குடித்த கையோடு சுருட்டும் பற்றினேன். மானங்கெட்ட சீவன் நான்.

4.3.84, ஞாயிறு

சனசமூக நிலையத்துக்கு நெஞ்சு டொக்டர் கிறிஸ்துநாயகம் வந்தார். செயலாளர் தில்லைநாதனின் ஒழுங்கு: ஆண்கள் வரிசையில், பெண்கள் தேத்தண்ணி மேசையில். சுருட்டுப் பற்றுகிறவர்களை டொக்டர் சோதித்து, தேவைப்பட்டவர்களுக்கு நெஞ்சுப்படம் எடுக்கத் துண்டு எழுதிக் கொடுப்பார்.

வரிசையில் நின்ற ஆண்கள் அவிழ்த்துவிட்ட பொய்! "ஒரு நாளைக்கு எத்தினை?" என்று முருகேசரைக் கேட்டார் டொக்டர். "ஒண்டு" என்றார் முருகேசர். வடைச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து அவர் பெண்சாதி பூரணம் கத்தினாள்: "ஒரு கட்டு, டொக்டர்!"

பிறகு டொக்டர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "நுரையீரல் புற்றுநோய் துவக்கத்திலை நோகாது. நோகேக்கை பிந்திப்போயிடும். மூண்டு கிழமைக்கு மேலை இருமல், சளியோடை இரத்தம், காரணமில்லாத மெலிவு எண்டால் உடனை படம் எடுங்கோ. வெள்ளனப் பிடிச்சால் வெட்டி எடுக்கலாம்."

என் இருமலுக்கு ஏழு கிழமை. சட்டையெல்லாம் தொளதொளக்கிறது, நான் துணி இழுபட்டுப் போச்சென்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதற்குள் தையல் ரீச்சராம்!

டொக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இன்னொரு தேத்தண்ணி.

துண்டு இவருக்குத்தான் கிடைத்தது.

5.3.84, திங்கள்

இவருடைய துண்டைத் திருடிக்கொண்டு போனால் என்ன? "ஏரம்பு, ஆண், 58." மீசை ஒன்றுதான் குறை. கண்ணாடியில் பார்த்தேன். அவ்வளவு குறையுமில்லை.

தனியே ஆசுபத்திரிக்குப் போகலாம். ஆனால் அங்கே துண்டு எழுதுகிற பிள்ளை என்னிடம் சுகாதாரம் படித்தவள்.

9.3.84, வெள்ளி

சளியில் சிவப்பு. வெற்றிலைச் சாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நான் வெற்றிலை போடுவதில்லை.

பயமாயிருக்கு. சாகிறதுக்குப் பயமோ, சனம் சிரிக்குமெண்டு பயமோ? ரெண்டாவதுதான் கூட. இதென்ன விசர்!

11.3.84, ஞாயிறு

டொக்டர் இரண்டாம் தடவையாக வந்தார். தேத்தண்ணித் தட்டைத் தில்லைநாதன் கையில் கொடுத்துவிட்டு நான் வரிசையில் போய் நின்றேன்.

"ரீச்சர், உது ஆம்பிளையளின்ரை வரிசை."

"கண் தெரியுது தம்பி" என்றேன்.

என் முறை வந்தது. "உங்கடை அவருக்குத் துண்டு தந்திட்டனே" என்றார் டொக்டர்.

"எனக்கு வேணும். ஒரு நாளைக்கு மூண்டு. எல்லாம் பாதிதான். முப்பது வருசம். இப்ப இரத்தமும் வருது."

முருகேசருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. பிறகு பூரணம் கரண்டியை வைத்துவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றாள். போன கிழமை புருசனைக் காட்டிக்கொடுத்த அதே பூரணம்! அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள். வடை கருகி மணத்தது. திருப்பிப் போட ஆளில்லை.

வீட்டுப் படலையடிக்கு வந்துதான் இவர் சொன்னார்: "நான் வேணுமெண்டுதான் பாதியிலை அணைச்சனான். முழுக்கப் பத்தினால் உமக்கென்ன மிஞ்சும்?"

சிரித்தேன், இருமினேன், அழுதேன். இவர் சிரிக்கவில்லை. "நானெல்லோ உமக்குத் தந்தனான்" என்று, வீட்டிலிருந்த சுருட்டுக் கட்டெல்லாவற்றையும் அள்ளிக் கிணற்றுக்குள் எறிந்தார். குடிக்கிற கிணறு, மனுசா! பொழுதுபடும்வரை இவர் இறைத்தார், நான் ஏசினேன்.

21.3.84, புதன்

படங்கள் வந்தன. இவருடையதில் ஒன்றுமில்லை. "அதுக்காக நெஞ்சு துப்பரவெண்டு நினையாதேங்கோ. படத்திலை எல்லாம் தெரியாது. திரும்பத் தொடக்கூடாது" என்றார் டொக்டர்.

என்னுடையதில் வலது மேல்பக்கம், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு புள்ளி. கொழும்பில் சோதிக்க வேண்டும். அதுதான் என்றால் வெட்ட வேண்டும். சின்னதாக இருக்கிறபடியால் நம்பிக்கை இருக்காம்.

இவர் எழும்பிச் சண்டை பிடித்தார். "படம் மாறிப்போச்சு டொக்டர். அது என்ரை. பேரை மாத்தி எழுதுங்கோ." டொக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எல்லாம் கேட்டு முடிய இவர், "எண்டாலும் என்ரைதான்" என்றார்.

எனக்கு அந்த மனுசனைப் பார்க்க ஏலாமல் போச்சு.

2.4.84, திங்கள்

போன ஆடிக் கலவரத்தில் தம்பியின் கடை எரிந்த பிறகு, "இனிச் செத்தாலும் கொழும்பு மண்ணை மிதிக்கமாட்டன்" என்றிருந்தவர். இன்று இரண்டு ரயில் ரிக்கற்றோடு வந்து, மாட்டுக்கு முன்னால் நின்று சிங்களம் பழகுகிறார்: "மகே நோனாட்ட அசனீபய்." என் மனைவிக்குச் சுகமில்லை என்று அர்த்தமாம். மாடு தலையாட்டியது. விளங்கிவிட்டது என்று இவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

3.5.84, வியாழன், கொழும்பு

அதுதான். வெட்டி எடுத்தாயிற்று. வேறிடத்துக்குப் பரவவில்லையாம். தையலைப் பார்த்தேன், நானென்றால் இன்னும் நெருக்கிப் போட்டிருப்பேன்.

மூச்சை உள்ளே எடுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்கப் பழக வேண்டுமாம். நேற்று நான் ஆறில் விட்டுவிட்டேன். பக்கத்துக் கதிரையில் இவரும் கன்னத்தை ஊதிக்கொண்டு, கண் பிதுங்கப் பத்துவரை பிடித்தார். பிறகு மிச்ச நாலையும் என் பெயரில் போடச் சொல்லி நேர்சுக்கு விரலால் காட்டினார். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிச் சிரித்துவிட்டாள்.

இன்று ஏழு.