ஊசி சொல்லும்வரை

அப்பா, போனவருக்கு மடல் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், மன்னியுங்கள். இருந்தபோதே உங்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. இன்று சித்தப்பாவின் ஸ்கேன் உறை என் மடியில் இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் வாசனை உங்களைக் கொண்டுவந்துவிட்டது.

நிணநீர்ப் புற்றுக்கு மருந்தேற்றி முடித்து, தலையில் முடி முளைத்து, மறுபடி கழனிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். அப்போதுதான் கழுத்தில் ஒரு கட்டி, சாயங்காலமானால் காய்ச்சல். ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. "திரும்ப வந்துடுச்சி" என்று வீடே முடிவுகட்டியது. ஊசியால் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"ஊசி பட்டா உடம்பு பூரா பரவிடும்ணா," என்றார் அத்தை. "ஜல்தியா இவ கழுத்துல ஒரு தாலி ஏறட்டும். அதையாவது நீ பார்த்துடு."

நீங்களும் தலையாட்டினீர்கள். மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியும் அனுப்பினீர்கள்.

கடும் மருந்துக்குப் பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும், வேறு கிருமிகளும் இப்படிக் கட்டியாக வரும், ஸ்கேன் இரண்டையும் ஒன்றுபோலக் காட்டிவிடும் என்று டாக்டர் சொன்னதை நான் மட்டும்தான் காதில் வாங்கியிருந்தேன். கல்லூரியில் வருகைப் பதிவுக்கே குரல் எழும்பாத நான், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உங்களிடம் சொன்னேன்: "பேரே தெரியாத நோய்க்குப் பயந்து என்னைக் கட்டிக்குடுக்காதீங்கப்பா."

"இவ்ளோ பேசுவியா நீ?" என்றீர்கள். மறுநாள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசிக்குக் கழுத்தை நீட்டினீர்கள்.

காசநோய். முடிவு கைக்கு வந்ததும் பஸ்ஸிலிருந்தே அத்தைக்குப் போன் போட்டுக் கத்தினீர்கள்: "டிபிதாண்டி! வெறும் டிபி!" பக்கத்து சீட்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். "போறான் உடு, நீ தாராளமா உக்காரு," என்று எனக்கு இடம் காட்டினீர்கள்.

மாத்திரையிலேயே கட்டி கரைந்தது. அதன்பிறகும் கழனியில் மல்லாட்டை விதைத்தீர்கள், என் கல்யாணத்தைப் பற்றி வாய் திறக்காமல். போன மழைக்காலத்தில் மாரடைப்பு வந்தது. அப்போது யாருக்கும் எதையும் முடிவுகட்ட நேரமில்லை.

இப்போது சித்தப்பா. குடல் புற்றுக்கு வைத்தியம் முடித்தவருக்கு நுரையீரலில் நிழல். அதையும் ஊசியால் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார் டாக்டர். "தெரிஞ்சதுதானேம்மா, எதுக்குக் குத்திக்கினு," என்று படுத்துவிட்டார். அதுவாகவே இருக்கலாம், அப்பா. இல்லாமலும் இருக்கலாம். எதுவென்று தெரியாமலே அவர் போய்விடக் கூடாது. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "சின்னப்பொண்ணு, உனக்கின்னா தெரியும்?" என்கிறார்.

அவர் தட்டாதது உங்கள் பேச்சை மட்டும்தான். கேட்க வெட்கமாக இருக்கிறது. அம்மாவின் கனவில் வந்து குழம்பில் உப்பில்லை என்கிறீர்களாம். இன்று ஒரு ராத்திரி அம்மாவை விட்டுவிட்டு, உங்கள் தம்பி கனவுக்குப் போங்களேன், அப்பா. காலையில் விழுப்புரம் போகும் முதல் பஸ்ஸுக்கு அவரைக் கிளம்பச் சொல்லுங்கள்.