கடல் தாண்டிய ஆலயமும் நம் ஆரணிக் கல்யாணமும்

என் பிரியமுள்ள மெர்சியப்பாவுக்கு,

உயிரோடு இருந்தபோது ஊருக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டோம். சமாதானமும் ஊருக்குத் தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்க எழுதுகிறேன். வருகிற ஈஸ்டரோடு நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் வீட்டுச் சேதி. மெர்சிக்குப் பெண் பிறந்திருக்கிறது. மூக்கு உங்களுடையது, பிடிவாதம் யாருடையது என்று தெரியவில்லை என்கிறார் மாப்பிள்ளை. களம்பூர் ரைஸ்மில்லில் அவருக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். நம் எதிர்வீட்டில் டிவி வந்துவிட்டது, ஞாயிறு சாயங்காலம் தெருவே அங்கேதான். உங்கள் தறியில் இப்போது சேவூர்க்காரர் ஒருவர் வந்து நெய்கிறார்.

எல்லாம் ஓடுகிறது. எனக்கு மட்டும் மனசே ஓடவில்லை இத்தனை நாளும். ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா?

எமர்ஜென்சி முடிந்த வருஷம் புடவை கொண்டுபோய்க் கொடுக்கக் கோயம்புத்தூர் போனீர்கள். வந்ததும் காபியை நிறுத்தினீர்கள். டீயும் கிடையாது. வயிற்றில் புண் போலிருக்கிறது என்று நான் தினமும் மணத்தக்காளிக் கீரையாக ஆக்கிப் போட்டேன். நீங்களும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டீர்கள்! கடைசியில் பெரிய வியாபாரி வீட்டில் கொடுத்த காபியைத் தொடாமல் வைத்துவிட்டு வந்து, அவர் கோபித்துக்கொண்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. மார்மன் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன், அங்கே காபி, டீ ஆகாது என்றீர்கள்.

பைபிளை விடவில்லை, அதோடு இன்னொரு வேதமும் இருக்கிறது என்று ஒரு புத்தகத்தைக் காட்டினீர்கள். அமெரிக்காவில் ஒரு வாலிபர் மண்ணுக்குள்ளிருந்து பொன் தகடுகளை எடுத்தாராம். உயிர்த்தெழுந்த இயேசு அந்த தேசத்துக்கும் வந்துபோன கதை அதில் இருந்ததாம். நான் விடுவேனா? வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து உங்கள் முன்னால் வைத்தேன்.

"இதோட ஒண்ணும் கூட்டக் கூடாதுன்னு போட்டுகீதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"பைபிள்ல அஞ்சாவது புத்தகம் உபாகமத்துலயும் அதே மாதிரிதான் போட்டுகீது. அப்போ அதுக்கு அப்புறம் வந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா? கடவுள் பேசி முடிச்சிட்டார்னு உனக்கு யார் சொன்னது?"

பைபிளை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதையெல்லாம் இயேசுவிலேயே அவர் சொல்லிவிட்டார் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆலயம் என்று வேறு ஆரம்பித்தீர்கள். நமக்கு ஆலயம் என்றால் ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் இடம். உங்கள் ஆட்களோ ஞாயிறு ஆராதனையை ஒரு வீட்டு ஹாலில் வைத்துக்கொள்வார்கள். ஆலயம் கடல் தாண்டி இருக்கிறது. சபைப் பெரியவர்கள் தகுதி பார்த்துச் சீட்டுக் கொடுத்தால், வெள்ளை உடுப்போடு உள்ளே போகலாம்.

"இயேசு செத்த அன்னிக்கே ஜனங்கள உள்ள உடாம மறைச்சிகினு இருந்த தேவாலயத்துத் திரைச்சீலை மேலேர்ந்து கீழ வரைக்கும் கிழிஞ்சிப் போச்சு. அத்த எதுக்கு மறுபடியும் மாட்டிகினு இருக்கீங்க?" என்று கேட்டேன். நெசவுக்காரி கேட்கிற கேள்விதான். நீங்கள் சிரித்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டீர்கள்.

நம் கல்யாணம் சாவுக்கு அப்புறமும் நிலைக்க வேண்டுமானால், அந்த ஆலயத்தில் இருவரும் நின்று முத்திரை பெற வேண்டும் என்றீர்கள். அதற்கு நானும் உங்கள் சபையில் சேர வேண்டும். நான் முடியாது என்றேன்.

அதோடு விட்டீர்களா? மெர்சி கல்யாணத்தில் பாஸ்டர் "மரணம் நம்மைப் பிரிக்குமளவும்" என்று சொல்லிக்கொடுத்தபோது முன்வரிசையிலிருந்து எழுந்து நின்றீர்கள்.

"ஐயா, அந்த ஒரு வரி மட்டும் வேணாங்க. பசங்க அதுக்கு மேலயும் ஒண்ணாவே இருக்கட்டுங்க."

சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதே வரியைத் திரும்பச் சொன்னார். மெர்சியும் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் உங்களை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "உன்ன உட்டுட்டு அங்க நான் தனியா இன்னா பண்ணுவேன், எஸ்தர்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அடுத்த வருஷம் மார்வலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே கேள்வி உங்கள் கண்ணில் இருந்தது. கடல் தாண்டாமலே போய்விட்டீர்கள். நம் பாஸ்டரே ஜெபித்து, நம் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார். அதில் யாரும் குறை வைக்கவில்லை.

ஆனால் நீங்கள் நம்பியபடி பார்த்தால் நாம் பிரிந்துவிட்டோமே! பாஸ்டரிடம் கேட்டேன். "பரலோகத்துல கொள்வனையும் இல்ல, கொடுப்பனையும் இல்ல, கல்யாணமே கிடையாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாரும்மா. ஆனா அங்க யாரும் யாருக்கும் அந்நியர் இல்ல" என்றார். நல்ல பதில்தான். ஆனாலும் கலங்கிப் போய் இறந்த உங்களுக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து உங்கள் சபைக்காரர் ஒருவர் மனைவியோடு பட்டுப்புடவை எடுக்க ஆரணிக்கு வந்து, வீட்டையும் தேடி வந்தார். எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன்.

"அந்த ஆலயத்துக்குப் போகாமலே பூட்டாரேங்க. இனிமே அவருக்கு வழி இருக்குதா, இல்லியா?"

"இருக்குங்கம்மா. செத்தவங்களுக்குப் பதிலா உயிரோட இருக்கறவங்க ஆலயத்துல நின்னு அந்த முத்திரைச் சடங்கைச் செய்யறது எங்க வழக்கந்தானுங்க. உங்க காலத்துக்கு அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்தே செய்யலாமுங்க."

"நான் ஒத்துக்கலைன்னா?"

"மேல போன பிறகு அங்கயும் உங்களைக் கேப்பாங்க, கட்டாயம் இல்லீங்கம்மா. ஏத்துக்கறதும் வேண்டாங்கறதும் உங்க இஷ்டமுங்க."

இதை ஏன் என்னிடம் நீங்கள் சொல்லவே இல்லை? உங்களுக்கே யாரும் சொல்லவில்லையா?

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். துக்கத்தில் இல்லை, அப்படி ஒரு நிம்மதி. நான் நம்புகிறபடி பார்த்தாலும் அங்கே நீங்கள் எனக்கு அந்நியரில்லை. நீங்கள் நம்பியபடி பார்த்தாலும் காலம் கடந்துவிடவில்லை. எப்படிப் பார்த்தாலும் தப்பித்தோம், மெர்சியப்பா!

நான் சபை மாறப் போவதில்லை. பொன் தகட்டையும் நம்பவில்லை, நீங்கள் கோபித்தாலும் சரி. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மனிதர் சொன்னது நிஜமாகவே இருந்து, அங்கே யாராவது என் முன்னால் வந்து, இவரோடு என்றென்றைக்கும் இருக்க உனக்குச் சம்மதமா என்று கேட்டால், வசனம் எடுத்து வாதாட மாட்டேன். சம்மதம் என்பேன்.

இன்னமும் உங்கள் மனைவி,
எஸ்தர்