பெட்டி மேல் ஒட்டிய குறட்டை

என்னங்க,

மாவு வாங்கக் கடைக்குப் போகிறேன். சாப்பாடு மேசை மேல் மூடியிருக்கிறது. கோபத்தை என் மேல் காட்டுங்கள், வயிற்றின் மேல் வேண்டாம்.

சாயங்காலம் பல் டாக்டரம்மா கேக் வாங்க வருவார். உங்களைப் பார்த்துச் சிரித்தால் முறைக்காதீர்கள். தப்பு என்னுடையது. க்யூஆர் கோடு செய்யும்போது நம் கேக் பக்கத்தின் லிங்க்கைப் போடாமல், நீங்கள் வாய் பிளந்து குறட்டை விடும் வீடியோவின் லிங்க்கைப் போட்டுத் தொலைத்தேன். அதையே எல்லா கேக் பெட்டியிலும் ஒட்டி ஊருக்கே அனுப்பிவிட்டேன். முட்டைக்காரர்கூட, "அண்ணன் எந்திரிச்சிட்டாரா அக்கா?" என்று கேட்கிறார். நீங்கள் என்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் நியாயம் உண்டு.

உங்கள் வீடியோவை அழித்துவிட்டேன்.

பி.கு.: டாக்டரம்மாவின் கேக் பெட்டி மேல் புது ஸ்டிக்கர் இருக்கிறது. கொடுக்கும் முன் உங்கள் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

இன்னொன்று: நான் குறட்டையே விடுவதில்லை என்று இத்தனை வருஷம் சாதித்தேனே, அதில் வருவது நான் தூங்கும்போது நம் மகள் எனக்குத் தெரியாமல் எடுத்த வீடியோ. இனி எல்லாப் பெட்டியிலும் இதுதான். உங்களுடையதைவிட என் சத்தம்தான் பெரிது. அதைச் சொல்லிக்காட்டவாவது வாயைத் திறப்பீர்கள் அல்லவா?