படத்தையும் சேர்த்து ஒப்பித்தவன்

புனே, 14.8.2007

அன்புள்ள அப்பாவுக்கு குமரேசன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மல்லாட்டைக்குக் களை எடுத்தாகிவிட்டதா?

நேற்று கம்பெனியில் ஒரு சின்ன வேடிக்கை நடந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்பைக் காட்டி, இதில் என்ன கோளாறு என்று மேனேஜர் கேட்டார். காலேஜில் பழகியபடி கையைக் கட்டிக்கொண்டு, பேரிங்கைப் பற்றிப் புத்தகத்தில் இருந்ததை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தேன். நடுவில் 'ஐந்தாம் படத்தில் காண்க' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்காமல், பம்பின் மேல் கை வைத்துப் பார்த்துச் சொல் என்றார். வைத்தேன். அதிர்ந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

என் அறையில் தங்கியிருக்கும் முகையூர் தேவநாதன், "நல்லவேள, படத்த வரைஞ்சிக்கினு நிக்காம வந்தியே" என்று கேலி செய்கிறான். நானும் சிரித்துவைக்கிறேன். கோலியனூர் கடைத்தெருவில் நீங்கள் என்னைப் பற்றிப் பேசுவதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது, கொல்லையில் நம் மோட்டாருக்குப் பக்கத்தில் செல்லைக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். சத்தம் கேட்டுப் பழகத்தான். தண்ணீர் விழுவதும் கேட்டால் நல்லது. கரண்ட் இல்லையென்றால் நீங்களாவது பேசிக்கொண்டிருங்கள்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. யாராவது கேட்டால் பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லுங்கள், போதும். இன்ஜினீயர் என்று சொல்ல வேண்டாம்.

குமரேசன்