மடக்கிய கட்டைவிரல்

இன்று காலை உங்கள் மகள் என் அலுவலகத்துக்கு வந்தாள். மனையைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு விண்ணப்பம் வைத்திருந்தாள். நான் பேனாவை நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளாமல், "மை டப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல்தான் கைரேகை வைக்கும் அந்தத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தேன். ஊதா மையின் வாடை எழுந்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் நீங்கள் போய்விட்டதாக அதன் பிறகுதான் சொன்னாள்.

இந்த மடலை நீங்கள் இருந்திருந்தாலும் படித்திருக்க முடியாது. யாராவது படித்துக் காட்ட வேண்டும். நீங்கள் இடது கைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்தபடி கேட்டிருப்பீர்கள்.

உங்களை நான் முதலில் பார்த்ததே அப்படித்தான். நிலக்கரிச் சுரங்கத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த உங்கள் ஊரின் பஞ்சாயத்துக் கூட்டம் அது. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பெண்கள் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்ததால் மாதம் ஒரு முறை வந்து உட்கார வேண்டும். பஞ்சாயத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. காலனித் தெருவிலிருந்து ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. உங்களைப் போட்டு இரண்டையும் தீர்த்திருந்தார்கள். மற்ற உறுப்பினர்களுக்குப் பெஞ்சு, எனக்கு நாற்காலி, உங்களுக்கு வாசலை ஒட்டிய தரை. அதைப் பார்த்துவிட்டு நானும் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வந்ததும் எல்லோரும் தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பேச்செல்லாம் அப்புறம். கூட்டம் கலைந்த பிறகு குமாஸ்தா சாவகாசமாக மேலே எழுதி நிரப்பிக்கொள்வார். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஊர்க்காரர்களுக்குள் என்ன நம்பிக்கையின்மை என்று தலைவரே ஒரு முறை என்னிடம் சொன்னார்.

நீங்கள் மட்டும் கடைசியில்தான் வைப்பீர்கள். கைநாட்டு வைப்பவருக்குப் படித்துக் காட்டி, 'படித்துக் காட்டப்பட்டது' என்று பக்கத்தில் எழுத வேண்டும் என்பது சர்க்கார் விதி. அதை யார் உங்களுக்குச் சொன்னார்களோ, நீங்கள் விடவே இல்லை.

"படிங்க. படிச்சப்புறம்தான் வெரலு."

"ஏம்மே, நேரமாவுது. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்பார் உறுப்பினர் தங்கராசு. மாடு வாங்கி விற்பவர், எப்போதும் அவசரக்காரர்.

"உம் மாடு கூட மோந்து பாத்துட்டுதான்யா குடிக்குது. நா கேட்டுக்கினு வெச்சா என்னா?"

எல்லோரும் சிரிப்பார்கள். குமாஸ்தா அலுத்துக்கொண்டே அங்கேயே எழுதி, உரக்கப் படிப்பார். உங்கள் ஒரு விரலுக்காக மொத்தக் கூட்டமும் தான் என்ன தீர்மானித்தது என்பதைக் காதால் கேட்டது. அதைப் பல்கலைக்கழகத்தில் படித்த நான் அன்று கவனிக்கவில்லை. விரலை வைத்ததும் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு, "எண்ணெ மண்டையில தேச்சா தானா பூடும்" என்று எழுந்து போவீர்கள்.

அந்த நாட்களில் அந்த ஊரே பயத்தில் இருந்தது. மதியம் சுரங்கத்தில் சங்கு ஊதும். குமாஸ்தா மைக்கூட்டைக் கையால் மூடிக்கொள்வார். பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடுவார். எல்லோரும் கூரையைப் பார்ப்போம். பிறகு வெடி. ஓட்டு இடுக்கிலிருந்து மண் உதிர்ந்து தீர்மானப் புத்தகத்தில் விழும். ஒவ்வொரு மாதமும் அந்தச் சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. சுரங்கத்துக்காக ஊரை எடுக்கப் போகிறார்கள் என்பது தெரியும். எப்போது, யாருக்கு எங்கே மனை என்பது தெரியாது. பஞ்சாயத்து என்ன எழுதி அனுப்புகிறதோ அதை வைத்துத்தான் மாற்று மனைப் பட்டியல் தயாராகும் என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் தெரு முழுக்க ஏரிக்கரைப் புறம்போக்கில் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் போய் நிற்க ஓர் அடி நிலம் கிடையாது.

அந்த நேரத்தில்தான் நான் உங்களுக்குக் கையெழுத்துக் கற்றுக்கொடுத்தேன்.

முதியோர் கல்விப் பதிவேட்டை நிரப்ப வேண்டியிருந்தது. பெயரெழுதத் தெரிந்துவிட்டால் 'எழுத்தறிவு பெற்றவர்' என்று குறித்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஆனாலும் ஒரு பஞ்சாயத்து உறுப்பினர் கைநாட்டு வைப்பது எனக்கு உறுத்தியது. உங்களுக்காக உறுத்தியதா, என் வேலைக்காக உறுத்தியதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"வெரலே போதும் டீச்சரம்மா."

நான் டீச்சர் இல்லை என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீங்க கத்துக்கிட்டா யாரும் உங்களைக் கேலி பண்ண முடியாது" என்றேன்.

"மொதல்ல என்னை நீங்கன்னு கூப்புடாதீங்க. பின்னால யாரோ நிக்கறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாக்கறேன்."

மூன்று வாரம் ஆயிற்று. மல்லாட்டை என்று நீங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பில் குச்சியால் எழுதினோம், பிறகு பலகையில். உங்கள் பெயரின் நான்கு எழுத்துகளில் மூன்றாவதை மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போடுவீர்கள். அது சரியான அன்று, பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த கூட்டத்தில் வாசலிலிருந்து எழுந்து வந்து, மேசையில் குனிந்து, வெற்றுப் பக்கத்தின் அடியில் உங்கள் பெயரை எழுதினீர்கள். தங்கராசு கை தட்டினார். "அட, இனிமே உனுக்குப் படிச்சிக் காட்டத் தேவ இல்ல. நீயும் எங்களாட்டம் ஆயிட்ட" என்றார் தலைவர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பேச்சு முடிந்தது. குமாஸ்தா புத்தகத்தை மூடினார். அன்று ஒன்றும் படிக்கப்படவில்லை. அது என் மனத்தில் சுருக்கென்று பட்டது. கேட்டிருக்கலாம். கேட்காமல் பஸ்ஸுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்துத் தீர்மான நகல் என் அலுவலகத்துக்கு வந்தது. 'ஏரிக்கரைப் புறம்போக்கில் உள்ள கொட்டகைகள் யாவும் தற்காலிகமானவை. அவற்றுக்கு மாற்று மனை கோருவதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' கீழே கையொப்பமிட்டவர்கள் பட்டியலில் கடைசியாக உங்கள் பெயர். அது சதியா, இருக்கிற மனைகள் ஊருக்கே போதாது என்ற கலக்கத்தில் எழுதியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நிலத்தை இழக்கப்போகிற தலைவரும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நகலை எடுத்துக்கொண்டு உங்களைத் தேடி வந்தேன். களை பறித்துக்கொண்டிருந்தீர்கள். அங்கேயே வெயிலில் நின்று படித்துக் காட்டினேன். நீங்கள் தாளை வாங்கிப் பார்த்தீர்கள். குமாஸ்தாவின் எழுத்தில் இருந்த உங்கள் பெயரை அடையாளம் கண்டு, அதன்மேல் விரலை வைத்தீர்கள்.

"இது நானு."

"ஆமாம்."

"எனக்கு எத்தினி எழுத்து கத்துக்குடுத்தீங்க டீச்சரம்மா?"

"நாலு."

"மிச்சம் எத்தினி இருக்குது?"

வரப்பில் உட்கார்ந்துவிட்டீர்கள். "தெருவுல கேட்டா என்னான்னு சொல்லுவேன்? நானே எழுதிக் குடுத்துட்டேன்னா?" என்றீர்கள்.

அடுத்த கூட்டம் வரை இருபது நாள். அப்போது நான் டவுன்ஷிப்பில், சுரங்கத்தில் வேலை பார்த்த அண்ணனின் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அண்ணனிடம் சொன்னேன். "நீ இதுல தலையிடாத. நான் இன்னும் பெர்மனென்ட் ஆகல. ஊர்த் தகராறுல உன் பேர் அடிபட்டா என் பேரும் அடிபடும்" என்றான். கெட்டவன் இல்லை. பயந்தவன், என்னைப் போலவே. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். உங்கள் பெயருக்கு எதிரே 'எழுத்தறிவு பெற்றவர்' என்று என் கையால் எழுதி, கீழே நானே ஒப்பமிட்டிருந்தேன். அது பொய் என்றால் என் வேலைக்கு ஆபத்து. அது மெய் என்றால் நீங்கள் தெரிந்தே உங்கள் தெருவைக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்தக் கூட்டத்தில் முதல் அலுவல், போன மாதத் தீர்மானங்களை உறுதி செய்வது. வழக்கப்படி புத்தகம் சுற்றி வந்தது. நீங்கள் பேனாவைத் தொடவில்லை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இருந்தது.

"எனக்குக் கையெழுத்து வராது. மை டப்பா குடுங்க. போன மாசத்துது என்னான்னு படிங்க, வெரலு வெக்கறேன்."

"போன மாசம்தானே போட்ட?" என்றார் தலைவர்.

"அது மறந்து பூட்டுது."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க அதிகாரி. நீங்கதான் கத்துக்குடுத்தீங்க. இவளுக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா? சொல்லுங்க."

அப்போது சங்கு ஊதியது. குமாஸ்தா மைக்கூட்டை மூடிக்கொண்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். வெடிக்காக அவர்கள் காத்திருந்தார்கள். வெடி சீக்கிரம் வராமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வந்தால் பேச வேண்டும். வந்தது. மண் உதிர்ந்தது.

"பேர் எழுத மட்டும் தெரியும். படிக்கத் தெரியாது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கம்மா" என்றார் குமாஸ்தா. "படிக்கத் தெரியாது. தெரியும் என்று பதிவேட்டில் நான் எழுதியது தப்பு. அதையும் இதிலே எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.

வேறு வழியில்லாமல் குமாஸ்தா படித்தார். 'கொட்டகைகள் யாவும்' என்ற இடம் வந்ததும் தங்கராசு எழுந்துவிட்டார்.

"யோவ், எம் மாட்டுக் கொட்டாயும் ஏரிக்கரையிலதானய்யா இருக்குது! இதுலயா நானும் கையெழுத்து போட்டுக்கினு கெடக்கறேன்?"

"எங்கக் களமும் அங்கதான்" என்றார் இன்னொருவர். அதுவரை யாரும் கேட்டிராத சொற்களை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். அன்றே தீர்மானம் ரத்தாகி, உங்கள் தெருவுக்கும் மனை கேட்டுப் புதிதாக எழுதப்பட்டது. அதையும் நீங்கள் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே விரலை வைத்தீர்கள். மாட்டுக்கொட்டாய் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

என்னிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. சம்பள உயர்வு ஒன்று நின்றது. நான் பயந்த அளவுக்கு வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் முதல் நகல்கள் ஏற்கனவே மேலே போயிருந்தன. "ரெண்டாவது போய்ச் சேர்ந்துடும்ங்க" என்றார் குமாஸ்தா. எது எந்த மேசையில் முதலில் பிரிக்கப்படும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் ஜீப் சத்தம் கேட்டால் உங்கள் தெருவே எழுந்து நின்றது.

கடைசியில் மனை கிடைத்தது. சின்னதுதான், ஊர்க்காரர்கள் மனைகளுக்கு அப்பால் ஒரு கோடியில். வீடு கட்டிய பிறகு பார்க்க வந்தேன். உங்கள் பானைகளெல்லாம் மூலையில் ஒரு சாக்குக்குள் கட்டியபடியே இருந்தன. சோற்றுப்பானை மட்டும் அடுப்பில்.

"குடி வந்து ரெண்டு வருஷம் ஆகுதே?" என்றேன்.

"மொத காயிதம் எங்கியோ இருக்குது டீச்சரம்மா. அதுல எம் பேரு இருக்குது. எவனாவது எடுத்துக்கினு வந்து, நீதான போட்டன்னு கேட்டா?"

அப்படியெல்லாம் ஆகாது, அது ரத்தானது என்று சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நம்பவில்லை. நான் சொன்னதை நானே முழுதாக நம்பவில்லை. அலுவலகங்களை எனக்குத் தெரியும். அந்தச் சாக்கை மறுபடி பார்க்கத் திராணியில்லாமல் அதற்குப் பிறகு நான் வரவே இல்லை.

இன்று உங்கள் மகளிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். "அம்மா அந்தச் சாக்கைப் பிரிச்சாங்களா?"

"இல்லீங்க. நாங்கதான் பிரிச்சோம், காரியத்துக்குப் பான வேணுமேன்னு."

அவள் விண்ணப்பத்தை எடுத்து, உதடு அசைய அசைய ஒரு முறை படித்தாள். பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். இடது கைக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இருந்தது.

"நீங்க படிங்க."

"நீதான் படிச்சிட்டியே அம்மா?"

"படிச்சிட்டேன். நீங்க படிக்கறதும் அதுவும் ஒண்ணான்னு பாக்கறேன். பேரு எழுதிட்டா யாரும் படிச்சிக் காட்ட மாட்டாங்கன்னு அம்மா சொல்லிச்சி."

படித்தேன். ஒரு சொல்லையும் விழுங்காமல் கடைசி வரை உரக்கப் படித்தேன். அடுத்த மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் விரலைப் பிரித்து மையில் ஒற்றித் தாளில் வைத்தாள். மையை உங்களைப் போலவே தலைமுடியில் தேய்த்துக்கொண்டாள்.

சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும். வலது கையில் பேனாவை எடுத்தபோது இடது கையைக் கவனித்தேன். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. எந்தத் தாளில் கையெழுத்திட்டாலும் அது அப்படித்தான் மடங்கிக்கொள்கிறது, அந்தக் கூட்டத்திலிருந்து. மேலே வெற்றிடம் எதுவும் இல்லை என்று ஒரு முறை பார்த்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். அதன் பிறகுதான் என் பெயரை எழுதினேன்.