கூட்டத்துக்கு நான் தூக்கிக்கொண்டு போன டிஷ் பாக்ஸ்

கீழத்தெரு, நீடாமங்கலம் வழி
ஆவணி 9

அன்பு மகள் எழில்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் இரண்டு காதைத் தவிர வீட்டில் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உலகத்துத் தென்கோடியில் உன் ஹாமில்டனில் குளிர் விட்டதா, மாப்பிள்ளை செழியனுக்கு முதுகுவலி தேவலையா, பால் பரிசோதனைக்கூடத்தில் இன்னும் அந்த விடியற்கால ஷிப்ட்தானா, எல்லாவற்றுக்கும் பதில் எழுது. உன் வாட்ஸ்அப் செய்தி வந்தது. அதற்கு அதிலேயே பதில் போட உட்கார்ந்தேன், என் பெருவிரலுக்கு மூன்று வரி தட்டுவதற்குள் நாலு எழுத்து தப்பாக விழுகிறது, நீயும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாய். போனில் பேசலாம் என்றால் நீ பேசுவது எனக்கு விழாது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன், வந்து சேர இரண்டு வாரம் ஆனாலும் முழுவதும் படித்துத்தான் தீரவேண்டும்.

அப்பா டிவி பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தில் தகராறு செய்துவிட்டார், ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று பேராவூரணியிலிருந்து உன் மாமா அறிவுச்செல்வன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனது உண்மை. தகராறு என்பது அவன் சேர்த்துக்கொண்டது. தலைகாட்ட முடியாமல் போனது யாருக்கு என்பதை நீயே படித்து முடிவு செய்துகொள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மாமா வீட்டோடு போய் இருங்கள் என்றும், இனி இப்படி ஏதாவது செய்தால் பாக்ஸ் கனெக்‌ஷனை இங்கிருந்தே நிறுத்திவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறாயே, விளையாட்டுக்கு எழுதினாயோ வினையாக எழுதினாயோ, இரண்டுக்கும் இதில் பதில் இருக்கிறது.

போன பொங்கலுக்கு வந்தபோது பழைய டிஷ் பாக்ஸை மாற்றிவிட்டு ஆப் எல்லாம் உள்ள புதுப் பாக்ஸை நீதான் வாங்கி வைத்தாய். நீ போன பிறகு ஒரு மாதம் நான் அதில் பழைய மாதிரியே சேனல்தான் பார்த்தேன், அதாவது வாயசைவைப் பார்த்தேன். அரைவை மில் சத்தத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்று காது போனவனுக்குச் செய்தி வாசிக்கிறவரும் ஒன்றுதான், மீன் தொட்டியும் ஒன்றுதான். நீ வாங்கிக் கொடுத்த காதுக் கருவியும் மின்விசிறிச் சத்தத்தைத்தான் பெரிதாக்கிக் கொடுக்கிறது, மனிதர் குரலைக் கொடுப்பதில்லை. பங்குனியில் ரீசார்ஜ் விஷயமாக ஜெக்கரியா கடைக்குப் போனேன், நீடாமங்கலம் கடைத்தெருவில் டிஷ் மாட்டிக்கொடுக்கிறாரே அவர்தான். ரிமோட்டைக் கையில் வாங்கி ஏதோ அழுத்தினார், டிவியில் ஒருத்தர் பேசப் பேசக் கீழே தமிழ் எழுத்து ஓடியது. பேசுவதை ஆப்பே கேட்டுக் கேட்டு எழுதுமாம். எந்தப் பொத்தான், எத்தனை தடவை என்று ஒரு பில்லின் முதுகில் எழுதியும் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் கடையில் நின்றபடியே முக்கால் மணி நேரம் பார்த்தேன் எழில், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஜெக்கரியா பார்த்தும் பாராத மாதிரி கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டில் அம்மா ஒரு பக்கம் கேட்க நான் ஒரு பக்கம் படிக்க, கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரிக்கிறோம். நான் ஐந்து நொடி தள்ளிச் சிரிப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நம் வாய்க்கால் பாசனச் சங்கத்துக்கு இப்போது வைரக்கண்ணுதான் செயலாளர். ஆனி மாதக் கூட்டத்துக்கு நானும் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். ஏதேதோ பேசினார்கள், நடுவில் வைரக்கண்ணு என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டான், சௌக்கியமா என்று கேட்கிறான் என்று நினைத்து நானும் சிரித்துத் தலையாட்டினேன். டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். ஆடி முதல் வாரத்தில் நம் வயலுக்குத் தண்ணீர் விடுகிற மதகுக்குப் பக்கத்தில் சிமெண்ட் குழாய்களை இறக்கி அடுக்கியிருந்தார்கள். யாரைக் கேட்டாலும் கையை ஆட்டி ஏதோ சொன்னார்கள், எனக்கு விளங்கவில்லை. வைரக்கண்ணுவுக்கு விளம்பரப் பிரியம் உண்டு, சங்கத்துக்கென்று வீடியோ சேனல் வைத்து ஒவ்வொரு கூட்டத்தையும் மாலை போடுவதிலிருந்து டீ குடிப்பதுவரை ஏற்றிவிடுவான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாக்ஸில் அதைத் தேடி எடுத்தேன். எழுத்து ஓடியது. மகளை மூடிவிட்டு முந்நூறு அடி தள்ளிச் சின்னக் குழாய் பதிக்கலாம் என்று வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகள் பழையதாகிவிட்டது, மகள் இருக்கும் இடத்தில் மனைகளுக்குப் பாதை வருகிறது என்று அடுத்து வந்தது. அப்புறம்தான் பிடிபட்டது, மதகு என்று பேசியதையெல்லாம் ஆப் மகள் என்று எழுதிக்கொண்டே போகிறது. மேல்மடைப் பக்கம் போட்டிருக்கும் வீட்டுமனைக்குப் பாதை விட நம் மதகை மூடப்போகிறார்கள், கடைமடையில் இருக்கிற இருபத்தாறு குடும்பத்துக்கும் முழங்கை அளவு குழாயில் தண்ணீர்.

அதற்கடுத்து வந்ததுதான் நெஞ்சில் இறங்கியது. வைரக்கண்ணு மைக்கில் சொல்கிறான், “செல்லதுரை அண்ணன் தலையாட்டிட்டாரு, அவருக்குச் சம்மதம்னு எழுதிக்குங்க. வராதவங்களுக்கும் சம்மதம்தான்.” பின்னாலிருந்து யாரோ, “அவருக்குக் காது கேக்காதேப்பா” என்கிறார். அதற்கு அவன், “அதான் வசதி” என்கிறான். கூட்டம் சிரிக்கிறது. திரையில் நானும் சிரிக்கிறேன். எழுத்து தப்பாக இருக்கலாம் என்று உன் அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையோடு வந்து நின்று கேட்டாள், ஒரு தடவை, இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை ரிமோட்டை அவளே என் கையிலிருந்து பிடுங்கி நிறுத்திவிட்டு, என் வலது காதோடு வாயை வைத்து, “அப்படித்தான் சொல்றான்” என்றாள். நீலாம்பாள் கோபப்பட்டு நீ பார்த்திருக்கிறாய், அழுது பார்த்திருக்கமாட்டாய்.

அந்த ஏழு மா நிலம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். என் அப்பா அதே வயலில் கூலிக்கு நடவு போட்டவர், வரப்பில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர். நான் காதைக் கொடுத்து வாங்கிய நிலம் அது. காதைக் கொடுத்தேன், சரி. காது இல்லாததைக் காட்டி அதையே பிடுங்குவார்கள் என்றால் அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பேராவூரணித் தென்னந்தோப்பில் காற்று வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்கிறாயா?

பக்கத்து வயல் சைத்தூன் பீவியிடம் மட்டும் சொன்னோம். அவருடைய ஐந்து மாவும் அதே மதகுத் தண்ணீர்தான், அன்றைக்கு அவர் கூட்டத்துக்கே போகவில்லை, அவர் பெயரிலும் சம்மதம் எழுதியிருக்கிறது. வேறு யாருக்கும் மூச்சு விடவில்லை, தெரிந்தால் வீடியோவை எடுத்துவிடுவார்கள். ஆடி 28 அன்று நீர்வளத் துறைப் பொறியாளர் அம்மா இடத்தைப் பார்த்துவிட்டுச் சமுதாயக்கூடத்தில் எல்லாரையும் கேட்பதாக அறிவிப்பு வந்தது. போனிலேயே காட்டிவிடலாமே என்றாள் உன் அம்மா. போனை ஒருத்தர் பார்த்துவிட்டு, சரி பார்க்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார், ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும் என்றேன். கூடத்தில் பெரிய டிவி இருக்கிறது, ஆனால் பழசு, ஆப் கிடையாது, டிஷ்ஷும் கிடையாது. ஜெக்கரியாவிடம் போய்க் கேட்டேன். அவர் எழுதிக் காட்டினார், சேனல் பார்க்கத்தான் டிஷ் வேண்டும், ஆப்புக்கு நெட் போதும், பாக்ஸையும் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு போய் டிவியின் பின்னால் இந்த வயரைச் செருகி, போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள் என்று. கடையிலேயே மூன்று தடவை கழற்றி மாட்டிப் பழகினேன்.

அன்றைக்குப் பாக்ஸைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். பொறியாளர் அம்மா முன்னால் வைரக்கண்ணு தீர்மானத்தைப் படித்து முடித்தான். நான் எழுந்து நேராக டிவிக்குப் போய் வயரைச் செருகினேன். டிஷ் இல்லாமல் இந்த டப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று அவன் கேட்டானாம், சிரித்தார்களாம், உன் அம்மா பிறகு சொன்னாள். எனக்கு அது கேட்காததும் நல்லதுக்குத்தான், கேட்டிருந்தால் வயரை மாற்றிச் செருகியிருப்பேன். ஆனால் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது எழில், படம் வரவில்லை. கூடத்துக்குள் சிக்னல் இல்லை. இரண்டு பேர் வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். உன் அம்மா போனை வாங்கிக்கொண்டு போய் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி நின்றாள். சைத்தூன் பீவி பெஞ்சை இழுத்து என் பக்கத்தில் போட்டு அதன் மேல் அழுத்தமாக உட்கார்ந்து, “அண்ணன் மேல கைய வைக்காதீங்க, இன்ஜினியர் அம்மா பாக்கணும்னு உக்காந்திருக்காங்க” என்று சொன்னாராம். படம் வந்தது.

மகள், மகள் என்று எழுத்து ஓடியபோது எல்லாரும் சிரித்தார்கள், பொறியாளர் அம்மாவும் சிரித்தார். நானே எழுந்து சொன்னேன், அது மதகு என்று. பிறகு அந்த இடம் வந்தது. எனக்குச் சத்தம் தெரியாது, வாய்கள் தெரியும். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. பொறியாளர் அம்மா ரிமோட்டைக் கேட்டு வாங்கி அதே இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தார். அண்ணன்மேல் உள்ள உரிமையில் வேடிக்கையாகச் சொன்னது என்று வைரக்கண்ணு ஏதோ சமாளித்தானாம். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘ஐயா, மதகை மூட உங்களுக்குச் சம்மதமா?’ என்று எழுதி என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆபீஸ் படி ஏறியிருக்கிறேன், இவருக்குக் கேட்காது என்று கையை விரித்தவர்கள்தான் எல்லாரும், எழுதிக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். இல்லை என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது, ஜன்னலில் நின்ற உன் அம்மா திரும்பிப் பார்த்தாள், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டேன். அப்புறம் சைத்தூன் பீவி எழுந்தார், அவருக்குப் பின்னால் ஒவ்வொருத்தராகப் பதினேழு பேர்.

தீர்மானத்தின் குறுக்கே கோடு போட்டாயிற்று. புரட்டாசி 4 அன்று புதுக் கூட்டம், பேசப்போகிற ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பேசவேண்டும் என்று உத்தரவு. ஆனால் குழாய்கள் இன்னும் கரையிலேயே கிடக்கின்றன, எடுக்கவில்லை. மனைக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், தெரிந்துதான் இருக்கிறேன். இரண்டு பேர் வந்து உன் அம்மாவிடம், அண்ணனை அடக்கி வையுங்கள் என்றார்களாம். முப்பத்தாறு வருஷமாக முயற்சி செய்கிறேன், நீங்கள் வேண்டுமானால் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆகவே கேட்டுக்கொள். குத்தகை இல்லை, பேராவூரணி இல்லை. நாற்று இருபது நாளாகிறது, அடுத்த வாரம் நடவு. பாக்ஸை நிறுத்துவதாக இருந்தால் தாராளமாக நிறுத்திக்கொள், ஜெக்கரியாவிடம் சொல்லி என் பெயரிலேயே, என் போன் நம்பரிலேயே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டேன், கடவுச்சொல் உன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உன்மேல் கோபம் இல்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பயம்தான் முதலில் வரும், அது எனக்குப் புரிகிறது. பயப்படு, ஆனால் அதை எனக்கு அனுப்பாதே.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் குனியாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. வீடியோவில் வரும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசாதே, உதடு மறைகிறது. முக்கியமாக ஒன்று. புரட்டாசி 4 கூட்டம் சங்கத்துச் சேனலில் நேரலையாகவே வரவேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். இங்கே காலை பத்து மணி, உனக்குச் சாயங்காலம். வேலை முடிந்து வந்து போனிலோ டிவியிலோ போட்டுப் பார். இந்தத் தடவை கடைமடைக்காரர்கள் சார்பில் நான்தான் பேசுகிறேன். நான் பேசுவது எனக்குக் கேட்காது. என் குரல் எப்படி இருந்தது என்று நீதான் எழுதவேண்டும்.

உன் அப்பா,
செல்லதுரை